ஒரு வாள், ஐந்து பேர்: கிடைத்த புதையலை (லூட்டை) எப்படிப் பங்கு போடுகிறீர்கள்?

#1 மொட்டைமாடி_டிஎம்

வணக்கம். நேற்று இரவே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று மூடிவைத்துவிட்டேன். இப்போது காபி குடித்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஞாயிறுதோறும், பதினான்கு மாதமாக ஒரே கேம்பெய்ன் (தொடர்கதை ஆட்டம்) ஓடுகிறது. ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், நான். ஆடுகிறவர்கள் ஐந்து பேர்: ஃபைட்டர் (போர்வீரர்), பலடின் (புனித வீரர்), ரோக் (திருடர்), விசார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி). விசார்டைத் தவிர எல்லோரும் ஆறாம் லெவல். விசார்ட் ஆடும் நண்பருக்கு நைட் ஷிஃப்ட் வரும், மாதத்தில் ஒரு ஞாயிறாவது தப்பும். வராத நாளுக்குப் பாதி எக்ஸ்பி (லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி) என்று ஆரம்பத்திலேயே வைத்துவிட்டோம், அதனால் அவர் இன்னும் ஐந்தில் நிற்கிறார்.

நேற்று ஒரு பெட்டி திறந்தார்கள். உள்ளே 1,150 தங்கக்காசு, ஒரு ஃபிளேம் டங் வாள் (தீப்பற்றும் மாய வாள்), ஒரு கிளோக் ஆஃப் புரொடெக்ஷன் (காப்பு தரும் மாய அங்கி). எதையும் நான் திட்டமிட்டு வைக்கவில்லை. அட்டவணையில் பகடை உருட்டியதில் வந்தவை.

வாள் யாருக்கு என்பதில் ஃபைட்டருக்கும் பலடினுக்கும் நாற்பது நிமிடம் வாக்குவாதம். "நான்தானே முன்னால் நின்று அடி வாங்குகிறேன்" என்று ஒருவர். "நீ போன தடவைதான் கேடயம் எடுத்தாய்" என்று மற்றவர். கடைசியில் பகடை உருட்டச் சொன்னேன். ஃபைட்டருக்கு 17, பலடினுக்கு 4. பலடின் எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? பகடை நியாயம்தானே?

#2 இருபது_இருபது

பகடை நியாயம்தான். ஆனால் நாற்பது நிமிடம் பேசவிட்டு அப்புறம் பகடை என்றால், பேசியவர்கள் எல்லாம் முட்டாள்களா? பெட்டியைத் திறக்கும் முன்பே "இரண்டு பேர் கேட்டால் பகடை" என்று சொல்லியிருந்தால் யாரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள்.

#3 லீக்_பழக்கம்

கடைகளில் நடக்கும் அதிகாரபூர்வ டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டமான அட்வென்ச்சரர்ஸ் லீகின் ஆரம்ப சீசன்களில் இதற்கு ஒரு விதி இருந்தது. நிரந்தர மாயப்பொருள் ஒன்றை இருவர் கேட்டால், யாரிடம் அத்தகைய பொருள் குறைவாக இருக்கிறதோ அவருக்கு. எண்ணிக்கை சமம் என்றால்தான் பகடை. முன்பின் தெரியாத ஆட்களோடு கடையில் உட்கார்ந்து ஆடுவதற்காக வைத்த விதி. அந்த இடத்தில் யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் எண்ணிப் பார்த்தால் போதும்.

உங்கள் மேசையில் யாரிடம் எத்தனை இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்களேன்.

#4 இரும்புக்கவசம்

நானும் வேறொரு மேசையில் ஃபைட்டர் ஆடுகிறவன், என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளேம் டங் அடிக்கு அடி இரண்டு ஆறுமுகப் பகடை தீச்சேதம் கூட்டும், சராசரி 7. அடிகள் அதிகம் உள்ளவரிடம் போனால்தான் அதற்கு மதிப்பு. ஆறாம் லெவலில் இருவருக்குமே ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. ஆனால் ஃபைட்டருக்கு ஆக்‌ஷன் சர்ஜ் (அவ்வப்போது ஒரே சுற்றில் இன்னொரு முறை செயல்படும் திறன்) இருக்கிறது, பதினோராம் லெவலில் மூன்றாவது அடியும் வரும். பலடினுக்கு ஸ்மைட் (அடியோடு சேரும் தெய்வீகச் சேதம்) ஏற்கெனவே இருக்கிறது. குழு ஜெயிக்க வேண்டும் என்று பார்த்தால் வாள் ஃபைட்டருக்குத்தான்.

#5 பழைய_பகடை

தம்பி, இந்த "குழு ஜெயிக்க" என்ற வாதத்தை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன். எப்போதும் அதைச் சொல்கிறவர் கைக்குத்தான் பொருள் போகும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் படித்தபோது நாங்கள் இரண்டாம் பதிப்பு ஆடினோம். இந்த ஆட்டம் பங்குச் சண்டையோடுதான் பிறந்தது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1974-இல் இந்த ஆட்டத்தை உருவாக்கிய கைகாக்ஸும் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் விதிகளில் தங்கம்தான் எக்ஸ்பி. ஒரு காசை நிலவறையிலிருந்து மேலே கொண்டுவந்து சேர்த்தால் ஒரு புள்ளி. அரக்கனைக் கொன்றாலும் புள்ளி உண்டு, ஆனால் பெரிய வரவு தங்கத்தில்தான். ஆக லூட்டைப் பங்கு போடுவதும் அனுபவத்தைப் பங்கு போடுவதும் ஒன்றே.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தங்கத்துக்கான புள்ளியைப் பின்னுக்குத் தள்ளி, டிஎம் விரும்பினால் கேரக்டர் வகைக்கு வகை தனிப் புள்ளி தரலாம் என்றார்கள். ஃபைட்டருக்கு வீழ்த்திய எதிரியின் பலத்துக்கு ஏற்ப. விசார்டுக்குப் பயன்படுத்திய மந்திரத்துக்கு. திருடனுக்கு மட்டும், எடுத்த பொருளில் ஒரு காசுக்கு இரண்டு எக்ஸ்பி! என்ன நடந்திருக்கும்? எங்கள் திருடன் கூட்டாளிகளின் பையிலேயே கைவைத்தான். கேட்டால் "விதி அப்படித்தான் சொல்கிறது" என்பான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. எதற்குப் பரிசு தருகிறோமோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள்.

இன்னொன்று. 1981 பேசிக் விதிகளில் சம்பளத்துக்குக் கூட வரும் ரிடெய்னருக்கு அரைப் பங்கு எக்ஸ்பி. நைட் ஷிஃப்ட் பார்க்கிற உங்கள் நண்பருக்கு நீங்கள் கொடுப்பதும் அதே அரைப் பங்குதான். அவரைக் கூலியாள் ஆக்கிவிட்டீர்கள், யோசித்தீர்களா?

#6 மொட்டைமாடி_டிஎம்

அண்ணா, அந்தக் கடைசி வரி சுருக்கென்று குத்திவிட்டது.

#3 கேட்ட கணக்கு. என் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். ஃபைட்டரிடம் நான்கு மாயப்பொருள், அதில் மூன்று அட்யூன் செய்தவை (அதாவது ஆளோடு பிணைத்தவை, சில பொருள் அப்படிச் செய்தால்தான் முழுதாக வேலை செய்யும்). பலடினிடம் மூன்று, இரண்டு அட்யூன். ரோக் மூன்று. விசார்ட் மூன்று. கிளெரிக் ஒன்று.

#7 லீக்_பழக்கம்

இருங்கள். ஃபைட்டர் ஏற்கெனவே மூன்று அட்யூன் செய்துவிட்டாரா? ஃபிளேம் டங்குக்கு அட்யூன்மென்ட் வேண்டுமே. மூன்றுதான் உச்சவரம்பு. இதை எடுத்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும். அதை அவர் யாருக்குக் கொடுப்பார் என்று யாராவது கேட்டீர்களா?

#8 மொட்டைமாடி_டிஎம்

கேட்கவில்லை.

#9 ரெய்டு_ராசா

மேசை ஆட்டம் எனக்குப் புதிது, ஆன்லைன் ஆட்டத்தில் இந்தச் சண்டை நிறையப் பார்த்திருக்கிறேன். எவர்க்வெஸ்ட் 1999-இல் வந்தபோது ஒரு டிராகனைக் கொல்லக் கூட்டமாகப் போவார்கள், விழுவது இரண்டு மூன்று பொருள். சண்டை தாங்காமல் டிகேபி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வந்து கலந்துகொண்டால் புள்ளி, பொருள் வேண்டுமென்றால் சேர்த்த புள்ளியைச் செலவழிக்க வேண்டும். நீங்களும் ஒரு எக்செல் ஷீட் போட்டுவிடுங்கள்.

#10 இருபது_இருபது

ஐந்து பேருக்கு எக்செல் ஷீட்டா? அப்புறம் ஆடிட்டர் வைக்க வேண்டும்.

அதுவும் வருகைக்குப் புள்ளி என்றால் நைட் ஷிஃப்ட்காரர் அங்கேயும் அடி வாங்குவார்.

#11 அர்க்கம்_வாசி

எல்லோரும் கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டத்துக்கு வந்துவிடுங்கள் என்று எப்போதும் சொல்வேன், இப்போதும் சொல்கிறேன். எங்கள் மேசையில் புதையலே கிடையாது. சாகாமல், பைத்தியம் பிடிக்காமல் வீடு திரும்புவதுதான் பரிசு. ஒரு திறமையைப் பயன்படுத்தி ஜெயித்தால் அதன் பக்கத்தில் ஒரு டிக். கதை முடிந்ததும் அந்தத் திறமைக்கு நூறு முகப் பகடை உருட்டுவோம். இருக்கும் மதிப்பைவிட அதிகம் விழுந்தால் திறமை ஏறும். தெரிந்தவனுக்கு ஏறுவது கடினம், தெரியாதவனுக்குச் சுலபம். தானாகவே சமன் ஆகிவிடும், யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

#12 பழைய_பகடை

அந்த ஆட்டத்தில் ஆள் உயிரோடு இருந்தால்தானே பங்கு கேட்பான்!

டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். 1977-இல் வந்தது. குழு முழுவதற்கும் சேர்த்து ஒரு விண்கலம், அதுவும் கடனில். விலையில் 240-இல் ஒரு பங்கு மாதத் தவணை, 480 மாதம் கட்ட வேண்டும். நாற்பது வருட இஎம்ஐ. எவ்வளவு சம்பாதித்தாலும் தவணை போன பிறகு சண்டை போட ஒன்றும் மிஞ்சாது. எங்கள் குழுவிலேயே ஒற்றுமையாக ஓடியது அந்தக் கேம்பெய்ன்தான்.

#13 மட்டுறுத்துநர்

"எந்த ஆட்டம் சிறந்தது" என்பதற்குத் தனி இழை உண்டு, அங்கே போய்ப் பேசவும். இங்கே பங்கு பற்றி மட்டும்.

#14 கடலோரக்_கள்வன்

#12 விளையாட்டாகச் சொன்னார், ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. தவணை போக மிச்சம் என்றாரே.

நான் நாகப்பட்டினம் பக்கம். வீட்டில் எல்லோரும் கடல் தொழில். போட் கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில்தான் போட்டுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று பங்கு. செலவைக் கழிக்காமல் பங்கு போட்டால் டீசல் போட்டவன் மட்டும் நஷ்டப்படுவான். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

உங்கள் மேசையில் டீசல் யார் போடுகிறார்கள்? போஷன், கவசம், மந்திரப் பொருள் இதெல்லாம் பொதுப் பணமா, அவரவர் பணமா? எனக்கு ஃபைட்டரையும் பலடினையும் பற்றிக் கவலை இல்லை. ஒரே ஒரு பொருளோடு இருக்கிற அந்தக் கிளெரிக் என்ன சொன்னார்? நாற்பது நிமிடத்தில் அவர் பெயரே வரவில்லையே.

#15 மொட்டைமாடி_டிஎம்

நோட்டை மறுபடி புரட்டினேன். எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஃபைட்டரின் பிளேட் கவசம், 1,500 காசு: பொதுப் பணத்தில். "அவர் நின்றால்தான் நாம் நிற்போம்" என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு வாங்கியது.

ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து), ஒன்று 50 காசு: பொதுப் பணத்தில்.

விசார்ட் புது மந்திரத்தைப் புத்தகத்தில் ஏற்ற ஒரு லெவலுக்கு 50 காசு: பாதி பொது, பாதி சொந்தம்.

செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்துக்கு 300 காசு பெறும் வைரம் வேண்டும், ஒரு தடவை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். இதுவரை இரண்டு முறை. ஒரு முறை ஃபைட்டர் செத்தார், ஒரு முறை ரோக். இரண்டு வைரத்தையும் கிளெரிக் தன் பங்கிலிருந்து வாங்கியிருக்கிறார். 600 காசு. அவர் ஷீட்டில் இப்போது மிச்சம் 35.

நான் டிஎம், இந்தக் கணக்கு என் நோட்டிலேயே இருந்தது. பதினான்கு மாதம் நான் பார்க்கவில்லை.

#16 இரும்புக்கவசம்

செத்துப் போன ஃபைட்டரை எழுப்பின வைரத்துக்குக் காசு கொடுக்காமல், எழுந்த ஃபைட்டர் வாளுக்குச் சண்டை போட்டாரா? நான் #4-இல் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

#17 நீலவைரம்

புதுக் கணக்கு தொடங்கி எழுதுகிறேன். அண்ணா, இந்த இழையை நேற்று ரோக் எனக்கு அனுப்பினான். அந்தக் கிளெரிக் நான்தான்.

யார் மீதும் கோபம் இல்லை என்று எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். கொஞ்சம் கோபம் இருக்கிறது.

வைரத்துக்குக் காசு வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பது உண்மை. ஒரு தடவை வாயெடுத்தேன். "சாமியார் கேரக்டருக்குக் காசு எதற்கு" என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது நல்ல ஜோக்தான். ஆனால் என் கிளெரிக் சாமியார் இல்லை. அவள் ஊரில் இடிந்துபோன ஒரு கோயிலைக் கட்டக் காசு சேர்க்கிறவள். முதல் செஷனிலேயே சொன்னேன், யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஞாயிறு அந்த நாற்பது நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கீழே போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தேன். திரும்பி வந்தபோதும் அதே வாள் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த கிளோக் எனக்கு வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். வாள் முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் பலடின் போய்விட்டார், செஷனும் முடிந்துவிட்டது.

#18 மொட்டைமாடி_டிஎம்

மன்னித்துவிடு. நீ கேட்கவில்லை என்று நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. கோயில் விஷயமும் நோட்டில் இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில்.

#19 கணக்கப்பிள்ளை

தாமதமாக வருகிறேன். செலவு விஷயத்தை #14 அழகாகச் சொல்லிவிட்டார். முதலில் 600 காசைத் திருப்பிக் கொடுங்கள். அது பரிசும் அல்ல, பங்கும் அல்ல, கடன்.

பிறகு வாள். காசைப் பிரிப்பது கஷ்டமே இல்லை, ஐந்தால் வகுத்தால் முடிந்தது. வாளை அப்படி வெட்ட முடியாது. வெட்ட முடியாத சொத்தைப் பிரிப்பதற்குக் கணிதத்தில் ஒரு வழி உண்டு. போலந்துக் கணித அறிஞர் க்னாஸ்டர் பெயரால் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்டைன்ஹாவுஸும் அவருடைய நண்பர்களும் இந்தப் பிரச்சினையில் நிறைய வேலை செய்தார்கள்.

ஒவ்வொருவரும் அந்த வாள் தனக்கு எவ்வளவு பெறும் என்று ஒரு சீட்டில் ரகசியமாக எழுத வேண்டும். உதாரணத்துக்கு ஃபைட்டர் 1,500, பலடின் 1,000, மற்ற மூவரும் தலா 500. அதிகம் எழுதியவருக்கு வாள். ஒவ்வொருவரின் நியாயமான பங்கு, அவரவர் எழுதியதில் ஐந்தில் ஒன்று: 300, 200, 100, 100, 100. வாள் எடுத்த ஃபைட்டர் தன் பங்கான 300 போக 1,200 காசை மேசையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் பங்கை அதிலிருந்து எடுப்பார்கள், மொத்தம் 500. மீதி 700. அதை ஐவருக்கும் 140 வீதம் பிரியுங்கள். முடிவில் ஃபைட்டர் 1,060 கொடுத்து வாளை எடுத்திருப்பார். பலடினுக்கு 340, மற்றவர்களுக்கு 240.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒவ்வொருவரும் தன் கணக்கின்படி நியாயமான பங்கைவிட 140 காசு அதிகமாகப் பெறுகிறார். பலடினைக் கேட்டால் "ஆயிரம் பெறும் வாளில் என் பங்கு 200, எனக்கு 340 வந்தது" என்பார். வண்டியைக் கிளப்ப மாட்டார்.

#20 கடலோரக்_கள்வன்

இது நம் ஏலச்சீட்டு! அதிகம் தள்ளுகிறவர் சீட்டை எடுக்கிறார், தள்ளின தொகை எல்லோருக்கும் பிரிகிறது. எங்கள் அத்தை இருபது வருடமாக நடத்துகிறார், க்னாஸ்டரைத் தெரியாமலே.

#21 கணக்கப்பிள்ளை

ஏறக்குறைய அதேதான். சீட்டில் எல்லோருக்கும் பணம் வேண்டும், யாருக்கு அவசரம் என்பதுதான் வித்தியாசம். இங்கே யாருக்கு ஆசை அதிகம் என்பது. அத்தைக்கு என் வணக்கம்.

#22 இருபது_இருபது

ஓட்டை ஒன்று தெரிகிறது. எனக்கு வாள் வேண்டாம், ஆனால் பலடினுக்கு ரொம்ப வேண்டும் என்று தெரியும். நான் வேண்டுமென்றே 900 என்று எழுதினால் எனக்கு வரும் பங்கு கூடுமே?

#23 கணக்கப்பிள்ளை

கூடும். பலடின் அன்று 850 எழுதியிருந்தால் வாள் உங்கள் தலையில் விழும். அந்தப் பயம் போதும்.

#24 பழைய_பகடை

கணக்கு சரி. எனக்கு மனது ஒப்பவில்லை, சொல்லிவிடுகிறேன்.

மேசையில் உட்கார்ந்து ஒருவன் "என் குருவின் வாள் இது" என்று பேசும்போது, எதிரில் இருப்பவன் 640 என்று சீட்டில் எழுதினால் கதை செத்துப்போகும். பொருளைக் கதையோடு வைப்பது டிஎம் வேலை. நான்காம் பதிப்பு, 2008, ஆடுகிறவர்கள் என்னென்ன மாயப்பொருள் வேண்டும் என்று பட்டியல் எழுதி டிஎம்மிடம் கொடுக்கலாம் என்றது. அன்று எல்லோரும் அதைக் கேலி செய்தோம், கடையில் மளிகைப் பட்டியல் கொடுக்கிற மாதிரி என்று. இன்று யோசித்தால், அட்டவணையில் பகடை உருட்டி ஒரு வாளை ஐந்து பேர் நடுவில் போடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

#25 நீலவைரம்

என்னை யாராவது பட்டியல் கேட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் டிஎம் எல்லோருக்கும் அளந்து வைத்தால் பெட்டி திறக்கிற சுகம் போய்விடும் அண்ணா. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஐந்து பேரும் எட்டிப் பார்க்கிற நிமிடம் எனக்குப் பிடிக்கும்.

#26 ரெய்டு_ராசா

ஒரு சந்தேகம். #1-இல் ரோக் பற்றி ஒன்றுமே இல்லை. பெட்டியைத் திறந்தது யார்?

#27 மொட்டைமாடி_டிஎம்

அதை அப்புறம் சொல்கிறேன். ஞாயிறு முடியட்டும்.

#28 மொட்டைமாடி_டிஎம்

ஞாயிறு முடிந்தது. பலடின் வந்தார். நான் நேரில் போய்ப் பேசி அழைத்துவந்தேன்.

முதல் அரை மணி நேரம் பகடையைத் தொடவில்லை. வைரக் கணக்கை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். ஃபைட்டர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்னைத் தூக்கின காசா அது?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. செத்துக் கிடந்தபோது போன் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

1,150-இல் 600 கிளெரிக்குக்குத் திரும்பிப் போனது. அடுத்த வைரத்துக்கு 300 தனியாக எடுத்துவைத்தோம். மிச்சம் 250, ஆளுக்கு 50. இவ்வளவு பெரிய பெட்டியில் ஐம்பது காசுதானா என்று விசார்ட் முகத்தைத் தொங்கப்போட்டார். டீசல் விலை அப்படி.

அப்புறம் ஏலம். க்னாஸ்டர் முறையை விளக்கினேன். விசார்டுக்கு மட்டும் புரிந்தது. அதனால் அத்தை முறை: அதிகம் எழுதியவர் எடுக்கட்டும், எழுதிய தொகை மற்ற நால்வருக்கும் சமமாகப் பிரியட்டும். ஒரு வரையறைக்காக, இந்த வாள் மாதிரி அபூர்வ வகைப் பொருள் 501 முதல் 5,000 வரை பெறும், கிளோக் மாதிரி அதற்குக் கீழ் வகை 101 முதல் 500 வரை என்று புத்தகத்தில் இருப்பதை வாசித்துக் காட்டினேன். கையில் காசு போதாவிட்டால் அடுத்த லூட்டில் கழித்துக்கொள்ளலாம் என்றும் முடிவு.

சீட்டுகளைப் பிரித்தோம். பலடின் 720. ஃபைட்டர் 600. ரோக் 300, விற்கிற எண்ணத்தில் என்று அவரே சொன்னார். கிளெரிக் 200. விசார்ட் 100.

வாள் பலடினுக்கு. நால்வருக்கும் தலா 180. அவர் கையில் 480தான் இருந்தது, ஆளுக்கு 60 கடன். ஃபைட்டருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் "அட்யூன்மென்டில் எதைக் கழற்றுவது என்று யோசித்தேன், 600-க்கு மேல் கை போகவில்லை" என்றார். பகடையில் ஜெயித்த வாளை இப்படி விட்டுக்கொடுத்ததற்கு அவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

கிளோக்குக்கு கிளெரிக் 300, ஃபைட்டர் 150. மற்றவர்கள் எழுதவில்லை. கிளோக் கிளெரிக்குக்கு.

எக்ஸ்பி விஷயமும் முடிந்தது. இனிமேல் தனித்தனிக் கணக்கே இல்லை, கதையில் ஒரு கட்டம் தாண்டினால் எல்லோருக்கும் லெவல். விசார்ட் இன்றே ஆறு. ஆறாவதிலிருந்து ஏழுக்கு 9,000 எக்ஸ்பி வேண்டும். பாதிப் பாதியாகச் சேர்த்து அவர் எப்போது பிடித்திருப்பார்?

#29 இரும்புக்கவசம்

இருங்கள், கடைசியில் எக்ஸ்பியை எல்லோருக்கும் சமமாகவும், பொருளை ஏலத்திலும் விட்டீர்கள். ஒன்றில் பொதுவுடைமை, மற்றதில் சந்தை. இரண்டும் ஒட்டுமா?

#30 கணக்கப்பிள்ளை

ஒட்டும். லெவலை ஒருவருக்குக் கொடுப்பதால் இன்னொருவருக்குக் குறையாது. வாள் ஒன்றுதான் இருக்கிறது.

#31 ரெய்டு_ராசா

ரோக்.

#32 மொட்டைமாடி_டிஎம்

சரி, சொல்கிறேன். பெட்டியை முதலில் திறந்தது ரோக். மற்றவர்கள் எட்டிப் பார்க்கும் முன் எனக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்: "ஒரு மோதிரத்தை நைசாக எடுக்கிறேன்." கைத்திறன் பகடை உருட்டினார், 23. யாருக்கும் தெரியவில்லை. மாணிக்க மோதிரம், 250 காசு பெறும். கேரக்டருக்குப் பொருத்தமான செயல்தானே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு வைரக் கணக்கு வாசித்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். எழுப்பின இரண்டு பேரில் அவரும் ஒருவர். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நானாகச் சொல்வதா, வேண்டாமா என்று தெரியவில்லை. டிஎம் வாய் திறந்தால் ரகசியச் சீட்டுக்கு மதிப்பே போய்விடும்.

#33 பழைய_பகடை

சொல்லாதீர்கள். எங்கள் திருடனை நாங்கள் பிடித்தது மூன்று மாதம் கழித்து, ஒரு சந்தையில் எங்கள் சொந்தக் கத்தியை எங்களுக்கே விலை பேசியபோது. இன்றும் சந்திக்கும்போது அதைச் சொல்லித்தான் சிரிப்போம்.

#34 லீக்_பழக்கம்

சிரிப்பது முப்பது வருடம் கழித்து. அன்று என்ன செய்தீர்கள்?

#35 பழைய_பகடை

அன்று அடித்துக்கொண்டோம்.

#36 இருபது_இருபது

மொட்டைமாடி, உங்கள் கிளெரிக் இந்த இழையைப் படிக்கிறார் என்பது ஞாபகம் இருக்கிறதா?

#37 மொட்டைமாடி_டிஎம்

ஐயோ.

#38 நீலவைரம்

படித்துவிட்டேன்.

கவலைப்படாதீர்கள் அண்ணா, என் கேரக்டருக்கு ஒன்றும் தெரியாது. பொது வைரம் ஒன்று தனிப் பையில் பத்திரமாக இருக்கிறது, பை என்னிடம்தான். ரோக்குக்கு இப்போது உயிர் இருபத்தேழு புள்ளி. அடுத்த வாரம் டிராகன் குகை.